சாஸ்த்ராவா, செங்கிப்பட்டியா? ஒரே ரோட்டில் நாலு கல்லூரி

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

2024 ஜூன் மாசம். ராத்திரி பத்து மணி இருக்கும். பாபநாசம் பக்கத்தில் இருக்கிற எங்க சித்தப்பா வீட்டிலிருந்து தங்கச்சி கூப்பிட்டா. "அண்ணா, சாஸ்த்ராவா செங்கிப்பட்டியா, ஒரே வார்த்தையில சொல்லு. நாளைக்கு அப்பாகிட்ட பதில் சொல்லணும்."

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியல. அன்னைக்கு அவகிட்ட பேசினது, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நாங்க தேடித் தேடித் தெரிஞ்சுக்கிட்டது, இதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். "எந்தக் காலேஜ் பெஸ்ட்?"னு கேட்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கேள்விக்கு இந்த எபிசோடில் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு முடிவு பண்ணிடுது. அது என்னன்னுதான் பேசப் போறோம்.

ஒரு பஸ், நாலு கல்லூரி

முதல்ல ரோட்டைப் பார்ப்போம். தஞ்சாவூரில் திருச்சி பஸ் ஏறி ஜன்னல் சீட்டில் உட்காருங்க. வல்லத்தில் பெரியார் மணியம்மை. 1988-ல் பெண்களுக்கான பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2007-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அடுத்து திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா. 1984-ல் சண்முகா பொறியியல் கல்லூரியாக ஆரம்பிச்சு 2001-ல் நிகர்நிலை ஆனது. இன்னும் கொஞ்ச தூரம் போனா செங்கிப்பட்டி. அங்கிருந்து கந்தர்வகோட்டை ரோட்டில் திரும்பினா அரசு பொறியியல் கல்லூரி. 2012-ல் வந்தது, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தோடது. பஸ் திருச்சியை நெருங்கும்போது துவாக்குடியில் என்.ஐ.டி. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கினது, 2003-ல் பேர் மாறினது.

ஒரே டிக்கெட்டில் நாலும் தெரியும். ஆனா உள்ளே போற வழி வேற வேற. என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் எழுதி, தேசிய அளவிலான கலந்தாய்வுக்குப் போகணும். பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. நிகர்நிலைகள் தங்களோட சேர்க்கையைத் தாங்களே நடத்துறாங்க. சாஸ்த்ராவில் பிளஸ் டூ மார்க்கும் ஜே.இ.இ. மதிப்பெண்ணும் கணக்கில் வருது. அரசுக் கல்லூரிக்கு மாநில அரசோட ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு.

கலந்தாய்வு கணக்கு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குச் சுருக்கி, மொத்தம் 200. கணக்கில் 95, பிசிக்ஸில் 88, கெமிஸ்ட்ரியில் 90 எடுத்திருந்தா, 95 + 44 + 45 = 184. அதுதான் உங்க கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007 சேர்க்கையிலிருந்து கிடையாது.

யார் முதல்ல கூப்பிடுறாங்க?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். தங்கச்சி கேட்டது ரெண்டு பல்கலைக்கழகத்தைப் பத்தி. ஆனா அவ வீட்டில் உண்மையான சிக்கல் ரெண்டு காலண்டர்.

நிகர்நிலைகள்ல ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே சேர்க்கை வேகமெடுத்துடும். பணம் கட்ட ஒரு தேதி வந்துடும். மாநிலக் கலந்தாய்வு மெதுவா வரும். விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, ரேங்க் லிஸ்ட், அதுக்கப்புறம் சுற்று சுற்றா இட ஒதுக்கீடு. 2024-ல் பொதுப்பிரிவுக் கலந்தாய்வு தொடங்கினதே ஜூலை 29-ந் தேதி. அதாவது, ஒரு பக்கம் கையில் சீட்டு. இன்னொரு பக்கம் "வரலாம்" என்கிற நம்பிக்கை மட்டும். நடுவில் ஒண்ணரை மாசம்.

இதோட டெல்டாவுக்குன்னு இன்னொரு காலண்டர் இருக்கு. மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12-ந் தேதி திறக்கணும். திறந்தா குறுவை. உழவு, விதை, நாற்றங்கால், நடவு கூலின்னு கையில் இருக்கிற பணமெல்லாம் வயலுக்குள்ள இறங்குற மாசம் ஜூன். பணம் திரும்பி வர்றது குறுவை அறுத்த பிறகு, இல்லைன்னா தை, மாசியில் சம்பா நெல்லை கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகு. சம்பளக்காரர் வீட்டுக்கு எந்த மாசமும் ஒரே மாதிரிதான். விவசாயி வீட்டில் கையில் காசு கம்மியா இருக்கிற மாசத்தில்தான் காலேஜ் பணம் கேட்குது.

2024-ல் இன்னும் மோசம். ஜூன் 12-ல் அணை திறக்கல. மேட்டூரில் தண்ணி இல்ல. பம்ப்செட் வச்சிருந்தவங்க குறுவை போட்டாங்க. சித்தப்பாவுக்கு பம்ப்செட் கிடையாது, வாய்க்கால் தண்ணிதான். அவர் குறுவையே வைக்கல. கடைசியா அணை திறந்தது ஜூலை 28. கலந்தாய்வு தொடங்கினது அதுக்கு மறுநாள். எங்க வீட்டில் அந்த ரெண்டு தேதியையும் யாரும் மறக்க மாட்டாங்க.

அந்த நிலைமையில் சித்தியோட சங்கிலியை அடகு வச்சு ஜூனிலேயே பணம் கட்டிடலாம்னு ஒரு பேச்சு ஓடிச்சு. காரணம் அந்தக் காலேஜ் உசத்தி என்பது இல்ல. "கையில் இருக்கிற சீட்டை விட்டுட்டு அதுவும் கிடைக்கலைன்னா?" என்கிற பயம். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். நீங்க தேர்வு பண்றதுக்கு முன்னாடி, யார் முதல்ல கூப்பிடுறாங்களோ அவங்க பக்கம் பயம் உங்களைத் தள்ளிடுது. அது தேர்வு இல்ல.

அதனால முதல் வேலை, தேதியையும் தேர்வையும் பிரிக்கிறது. ரெண்டு சீட்டும் ஒரே நாளில் கையில் இருந்தா எதை எடுப்பீங்கன்னு முதல்ல பேசுங்க. அதுக்கப்புறம் தேதியை எப்படிச் சமாளிக்கிறதுன்னு பாருங்க.

ஒரே நாளில் கையில் இருந்தா: மூணு வித்தியாசம்

முதல் வித்தியாசம், கேள்வித்தாளை யார் எடுக்கிறாங்க?

சாஸ்த்ரா மாதிரி நிகர்நிலையில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூணும் அவங்களோடது. 1956-ஆம் வருஷ யு.ஜி.சி. சட்டத்தோட மூணாவது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்குது. புதுசா ஒரு பாடம் வேணும்னா சீக்கிரம் சேர்க்கலாம். சொல்லிக் கொடுக்கிறவரே பேப்பர் திருத்துவார். நல்ல ஆசிரியர் இருந்தா இது பெரிய வரம். இல்லைன்னா கேட்க வெளியில் ஆள் இல்ல.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வர்ற, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில், பாடத்திட்டமும் கேள்வித்தாளும் சென்னையிலிருந்து வரும். உங்களுக்குப் பாடம் எடுத்தவர் உங்க பேப்பரைத் திருத்த மாட்டார். பாடத்திட்டம் 2013, 2017, 2021-னு நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறி வந்திருக்கு. பசங்க "அரியர்"னு பயப்படுறது இந்த முறையைப் பார்த்துத்தான். ஆனா அதே காரணத்தால, பட்டுக்கோட்டை, திருக்குவளை உறுப்புக் கல்லூரியில் படிச்சாலும் திருச்சியில் படிச்சாலும் மார்க்கை ஒரே தராசில் வைக்கலாம்.

"நிகர்நிலை"ன்னா மட்டமான பட்டமா? இல்ல. 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், நிகர்நிலை நிறுவனங்கள் பேரில் "பல்கலைக்கழகம்"னு போடக்கூடாதுன்னு யு.ஜி.சி. சொன்னதால ஊரில் நிறைய குழப்பம். அது பேர்ப்பலகை விவகாரம். கேட் தேர்வு எழுத, மேற்படிப்புக்குப் போக, ரெண்டு பட்டமும் செல்லும்.

ரெண்டாவது வித்தியாசம், பணம். அதில் வெளியே தெரியாத பாதி.

அரசுக் கல்லூரியில் ஒரு வருஷக் கட்டணத்தை ஆயிரங்களில் சொல்லலாம். தனியார் நிகர்நிலையில் லட்சத்தில் சொல்லணும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, மாநிலக் கலந்தாய்வு வழியா போனா மட்டும் கிடைக்கிற சலுகைகள். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கலைன்னா முதல் பட்டதாரி சலுகை. இது கலந்தாய்வு மூலமா தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் உண்டு, நிகர்நிலைக்குக் கிடையாது. 69 சதவீத இட ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-லிருந்து பொறியியலுக்கும் உண்டு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இந்தத் தகுதி இருக்கிற பிள்ளைங்க நிகர்நிலையில் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

ஒண்ணைக் கவனிங்க: அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. என் தங்கச்சி படிச்சது உதவி பெறும் பள்ளி. ஃபீஸ் பெருசா இல்ல, மதிய உணவு உண்டு, எல்லாரும் "கவர்மெண்ட் ஸ்கூல்"னுதான் சொல்லுவோம். விண்ணப்பம் போடும்போதுதான் தெரிஞ்சது, அது இது இல்லைன்னு. சித்தப்பா அன்னைக்கு ஒண்ணும் பேசல. சைக்கிளை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போயிட்டார். குறுவை இல்லாத வயல்.

மூணாவது வித்தியாசம், துறை. "சாஸ்த்ரா எப்படி?"ங்கிற கேள்வியைவிட "சாஸ்த்ராவில் எந்தத் துறை? செங்கிப்பட்டியில் எந்தத் துறை?" என்பது நல்ல கேள்வி. நாலு வருஷம் நீங்க இருக்கப் போறது ஒரு துறையில், முழு வளாகத்தில் இல்ல.

துறையைப் பத்தி என்ன கேட்கணும்? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர். ஏ.ஐ.சி.டி.இ. கணக்குப்படி 20 மாணவருக்கு ஒருத்தர் இருக்கணும். அந்தத் துறைக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கா. இது கல்லூரிக்கு மொத்தமா கொடுக்கிறது இல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. இந்தியா 2014-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்ததால, வெளிநாட்டில் வேலை தேடுறவங்களுக்கு இது உதவும்.

அப்புறம் வேலைவாய்ப்பு. விளம்பரப் பலகையில் போட்டிருக்கிற அதிகபட்ச சம்பளத்தைப் பார்க்காதீங்க. அது ஒரே ஒரு பிள்ளையோட கதை. நடு சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க. அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிக்க வச்சா சரியா நடுவில் நிக்கிறவர் வாங்குறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு கல்லூரியும் இந்த நடு சம்பளத்தையும், எத்தனை பேர் வேலைக்குப் போனாங்க, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனாங்க என்பதையும் பொதுவில் வெளியிடணும். கல்லூரி இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். பக்கத்தில் பி.டி.எஃப். இருக்கும். ரேங்கை விட்டுட்டு அதைப் படிங்க.

நாங்க இன்னொண்ணும் பண்ணினோம். ஒரு நாள் சாயங்காலம் நானும் தங்கச்சியும் ரெண்டு இடத்து பஸ் ஸ்டாப்பிலும் போய் நின்னோம். இறுதியாண்டு பிள்ளைங்ககிட்ட ஒரே கேள்வி: "லேப்ல நீங்களே மெஷினைத் தொட்டு வேலை செஞ்சீங்களா, இல்ல ஒருத்தர் செய்றதைச் சுத்தி நின்னு பார்த்தீங்களா?" ரெண்டு இடத்திலும் ரெண்டு விதமாவும் பதில் வந்தது, துறையைப் பொறுத்து. அந்த ஒரு மணி நேரத்தில் கிடைச்சது எந்த ரிவ்யூ வீடியோவிலும் கிடைக்கல.

தேதியைச் சமாளிக்கிறது

இப்போ பயம் இருக்கே, அதுக்கு வருவோம். "பணம் கட்டிட்டா மாட்டிக்குவோம், கட்டலைன்னா போயிடும்."

நான் சேர்ந்த காலத்தில் இப்படித்தான் மாட்டினேன். வேற ஊர், வேற காலேஜ், பேர் வேண்டாம். முன்னாடியே பணம் கட்டிட்டோம். கலந்தாய்வில் எனக்குப் பிடிச்ச இடம் வந்தது. போய்க் கேட்டா ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. மூணு நடை நடந்தார் அப்பா. கலந்தாய்வு சீட்டு கைவிட்டுப் போச்சு.

அப்போ எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. இன்னைக்கு இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க: 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்புப்படி, ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துட்டு உடனே திருப்பிக் கொடுக்கணும், பிடிச்சு வச்சுக்கக் கூடாது. சேர்க்கையோட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா முழுக் கட்டணமும் திரும்பக் கொடுக்கணும். அதுக்கப்புறம் 90, 80, 50-னு குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசித் தேதி முடிஞ்சு 30 நாள் தாண்டினா ஒண்ணுமே வராது. இது நிகர்நிலைகளுக்கும் பொருந்தும். சில வருஷம் இதைவிடத் தாராளமாவும் அறிவிப்பாங்க. 2024-ல் செப்டம்பர் 30 வரைக்கும் விலகினா முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும்னு சொன்னாங்க. உங்க வருஷத்துக்கு என்ன அறிவிப்புன்னு யு.ஜி.சி. தளத்தில் பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கையில் வச்சுக்கோங்க.

ஆனா ஒரு விஷயம். பணம் திரும்ப வரும்ங்கிறது வேற, எப்போ வரும்ங்கிறது வேற. சொந்தப் பணம்னா காத்திருக்கலாம். அடகுப் பணம்னா காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் வட்டி. சித்தப்பா இதைத்தான் கேட்டார்: "திரும்பத் தருவான் சரி. அது வரைக்கும் வட்டி யாரு தருவா?" அந்தக் கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்ல.

கல்விக் கடனையும் சொல்லிடறேன். வங்கிகளோட மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் வந்தது. அதில் பட்டியலிட்ட உயர்கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும்னா, 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கிற காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்க கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கான்னு பாருங்க. எங்களுக்கு இது கொஞ்சம் தாமதமா வந்தது.

அவ என்ன முடிவு எடுத்தா?

ஜூன் கடைசியில் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, தங்கச்சிகிட்ட ஒரே கேள்வி கேட்டேன். "ரெண்டும் ஒரே ஃபீஸ்னா எங்க போவே?"

யோசிக்கவே இல்ல. "சாஸ்த்ரா."

"ஏன்?"

"லைப்ரரி. அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"சரி. அந்த ரெண்டுக்கும் நாலு வருஷத்துக்கு இவ்வளவு அதிகமா ஆகும்." ஒரு பேப்பரில் தொகையை எழுதிக் காட்டினேன். விடுதி, பஸ், வட்டி எல்லாம் சேர்த்து. "இந்த வித்தியாசம் உனக்கு அவ்வளவு மதிப்பா?"

அவ ரொம்ப நேரம் அந்தப் பேப்பரைப் பார்த்தா. அப்புறம் சொன்னா, "அப்பாவுக்கு இந்த வருஷம் குறுவை இல்ல. அடுத்த வருஷம் தண்ணி வரும்னு யார் சொல்ல முடியும்? கம்ப்யூட்டரை நான் எங்க இருந்தாலும் கத்துக்குவேன்."

சித்தப்பாதான் ஒத்துக்கல. "என்னைப் பார்த்து முடிவு பண்ணாதே"ன்னு சத்தம் போட்டார். அவருக்கு அது கௌரவப் பிரச்சனை. நாலு நாள் வீட்டில் சரியா யாரும் பேசிக்கல. பணம் கட்ட வேண்டிய தேதி அந்த நாலு நாளுக்குள்ள வந்து போச்சு. சங்கிலி பீரோவிலேயே இருந்தது.

கலந்தாய்வில் அவளுக்குச் செங்கிப்பட்டியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கல. அன்னைக்குக் கொஞ்சம் அழுதா, அதையும் மறைக்க விரும்பல. அதே தெருவில் இன்னொரு பொண்ணு சாஸ்த்ராவில் சேர்ந்தா. அவங்க வீட்டில் ரெண்டு மாசச் சம்பளம் வருது, அவளுக்கு வேணும்கிற துறையும் கிடைச்சது. அவ எடுத்த முடிவும் சரிதான். காலையில் ரெண்டு பேரும் தஞ்சாவூரிலிருந்து ஒரே ரோட்டில்தான் போறாங்க. ஒருத்தி திருமலைசமுத்திரத்தில் இறங்குறா, இன்னொருத்தி செங்கிப்பட்டியில்.

"ஒரே வார்த்தையில சொல்லு"ன்னு கேட்டாளே, இப்போ கேட்டா "பொறு"ன்னு சொல்லுவேன். முதல்ல கூப்பிட்டவங்களுக்காக முடிவு பண்ணாதே. எதுக்காக எவ்வளவு அதிகம் கொடுக்கிறோம்னு ஒரு பேப்பரில் எழுது. அந்தப் பேப்பரை வீட்டில் பணம் கட்டப் போறவர்கிட்ட காட்டு, அவர் சத்தம் போட்டாலும்.

உங்க வீட்டில் இந்த ஜூனில் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, இந்த எபிசோடை அப்பா அம்மாவோட சேர்ந்து கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.